வில்லுக்கத்தியும் அதைச் சேர்ப்போரும்



யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்னாளிலே பெரியவர்களின் மடியை விட்டு நீங்காத பொருள்கள் சில இருந்தன. வெற்றிலைப் பை ஒன்று. திறப்புக் கோவை ஒன்று. அவற்றோடு ஒரு வில்லுக்கத்தி. மாங்காய் வெட்டவும், புகையிலைக் காம்பு நீக்கவும், பிள்ளைகளின் பென்சில் சீவவும் அந்தக் கத்தி ஒன்றே போதியதாயிருந்தது. தமிழ்நாட்டார் இதனைப் பேனாக்கத்தி என்பர். நாம் வில்லுக்கத்தி என்கிறோம். நாம் இட்ட பெயரே பொருத்தமானது என்பது என் எண்ணம். ஏனெனில், மடிக்கும் கத்தியின் உயிர் அதன் அலகிலே இல்லை. அலகை விறைப்பாகப் பற்றி நிற்கும் வில்லிலேயே இருக்கின்றது.

இத்தகைய கத்திகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். முத்திரை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். கத்தி சேர்ப்போர் என்றதும் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஆயினும், அவர்கள் நாடுவது ஆயுதத்தையன்று. ஒரு மனிதன் தன் கையாலே தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, அதனாலேயே மிகச் சிலவாக மட்டும் உலகில் உள்ள ஒரு சிறு கருவியையே அவர்கள் நாடுகின்றனர். அந்தக் கைவேலை எத்தகையது, அது ஏன் அருகிவருகின்றது, அதைச் சேர்ப்பவனுக்கு உரிய கடமை யாது என்பன பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இத்தொழிலின் தாயகங்களுள் ஒன்று இங்கிலாந்திலுள்ள ஷெபீல்ட் நகரம். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞராகிய சோசர், தம் கதை ஒன்றில் வரும் மாவரைப்போன் ஷெபீல்ட் கத்தி ஒன்றை வைத்திருந்தான் எனக் குறிப்பிடுகின்றார். அக்காலத்திலேயே ஊர்ப்பெயர் சொன்னால் கத்தியின் தரம் விளங்கியது போலும். 1624 ஆம் ஆண்டிலே, பாராளுமன்றச் சட்டம் ஒன்றினால் அவ்வூர்க் கத்தித் தொழிலாளரின் சங்கம் நிறுவப்பட்டது. தொழில் பழகுவோரின் ஒழுங்கையும், ஒவ்வொருவர் தம் கத்தியில் பொறிக்கும் குறியையும் அச்சங்கமே காத்து வந்தது.

அந்நகரின் சிறப்புக்கு உருக்கும் ஒரு காரணம். 1740 களிலே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், தம் கடிகார விற்களுக்கு நல்ல உருக்குக் கிடைக்காமையால் மனம் சலித்து, மூசையிலே உருக்கைக் காய்ச்சி வார்க்கும் முறையொன்றைக் கண்டார். மூசை உருக்கு நம் பக்கத்திற்குப் புதியதன்று என்பதை இங்கே சொல்லாமலிருக்க இயலவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மூசை உருக்கு வழக்கிலிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் கத்தித் தொழில் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர், இந்திய உருக்கே ஐரோப்பிய உருக்கிலும் சிறந்தது எனத் தம் வாடிக்கையாளருக்கு அறிவித்தவர். மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பரடேயும் அவரும் சேர்ந்து அவ்வுருக்கை ஆராய்ந்தனர். பரடே ஒரு கொல்லரின் மகன் என்பது பலர் அறியாத செய்தி.

இனி, வில்லுக்கத்தி எவ்வாறு உருவாகின்றது எனப் பார்ப்போம். உறுப்புக்கள் மிகச் சிலவே. அலகு ஒன்று, முதுகுப்புறத்திலே வில் ஒன்று, இரு பக்கமும் பித்தளைத் தகடு, அவற்றின் மேலே கொம்போ மரமோ சிப்பியோ கொண்டமைத்த பிடி, முனையிலே ஜேர்மன் சில்வர்க் காப்பு, யாவற்றையும் பிணைக்கும் தறையாணிகள் சில. இவ்வளவுதான். ஆனால், இவ்வளவையும் இணக்குவதிலேதான் தொழிலாளியின் ஆயுள் கழிகின்றது.

அலகும் வில்லும் ஒரே வகை உருக்கிலே செய்யத்தக்கவை. ஆயினும், அவற்றின் குணங்கள் நேர்மாறானவை. அலகு கடினமாக இருத்தல் வேண்டும். இன்றேல் கூர் நில்லாது. வில் வளைந்து மீளுதல் வேண்டும், இன்றேல் முறிந்துவிடும். இவ்விரு குணங்களையும் தருவது நெருப்பே. இரண்டையும் செந்தழலாகக் காய்ச்சி எண்ணெயிலே தோய்த்தபின், மீண்டும் மெல்ல வாட்டுவர். அவ்வேளையில், மினுக்கிய உருக்கின் மேற்பரப்பிலே நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். சுமார் 230 பாகை வெப்பத்திலே வைக்கோல் நிறம் தோன்றும். அலகை அங்கே நிறுத்திவிடுவர். மேலும் காய்ந்து, சுமார் 300 பாகையை அணுகும்போது நீல நிறம் வரும். வில்லை அதுவரை கொண்டு செல்வர். வெப்பமானி எதுவுமின்றி, நிறத்தைக் கண்ணாற் பார்த்தே இதனைச் செய்தவர்கள் அக்காலத் தொழிலாளர். கணப்பொழுது பிந்தினால் வேலை பழுதாகும்.

அடுத்தது இணக்கல் வேலை. கத்தியை மடித்தபோதும் விரித்தபோதும் வில்லின் முதுகு, பித்தளைத் தகட்டின் விளிம்போடு ஒரே மட்டமாக நிற்றல் வேண்டும். விரல் நுனியால் தடவினால் மேடும் பள்ளமும் தெரியலாகாது. வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தால் வில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலே ஒளி கசியலாகாது. மடித்த அலகின் கூர்ப்பக்கம் வில்லிலே மோதலாகாது. அலகின் அடியிலே அரத்தினால் நீக்கும் உருக்கு, மயிரிழையளவு கூடினாலும் குறைந்தாலும் இவற்றுள் ஒன்று பிழைத்துவிடும். இரண்டு மூன்று அலகுகள் உள்ள கத்தியாயின், அவை ஒன்றையொன்று உரசாமல் மடிவதற்காக, ஒவ்வொன்றையும் அளவறிந்து சற்றே வளைத்து அமைத்தல் வேண்டும்.

நல்ல கத்தி நடக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும் என்பது ஆங்கிலம் பேசும் கத்திப் பிரியரின் வழக்கு. அலகு தடையின்றி வழுவழுப்பாக அசைவது நடை. முடிவிலே 'டக்' என்று தெளிவாக ஒலித்து நிற்பது பேச்சு. நேயர்களே, வானொலிக்கு ஏற்ற கருவி இது எனலாம். கண்ணை மூடிக்கொண்டே, ஓசையைக் கேட்டுக் கத்தியின் தரத்தை மதிப்பிட வல்லவர்கள் உள்ளனர்.

இத்தகைய வேலையைச் செய்தவர்கள் பெருமுதலாளிகள் அல்லர். ஷெபீல்டிலே இவர்களைச் 'சிறு மேஸ்திரிகள்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஓர் அறையிலே, ஒரு பட்டடையும் ஒரு வேலைப்பலகையும் வாடகைக்கு எடுத்து, தாமே முதலாளியாகவும் தாமே தொழிலாளியாகவும் உழைத்தவர்கள் அவர்கள். அக்காலத்திலே ஒருவர் அலகடிப்பார். இன்னொருவர் சாணை பிடிப்பார். மற்றொருவர் பிடியமைத்து இணக்குவார். சாணை பிடித்தோரின் நிலை இரங்கத்தக்கது. சாணைக்கல்லின் தூள் நெஞ்சுக்குள்ளே படிந்து, மூச்சடைத்து, நாற்பது வயதை எட்டாமலே மாண்டவர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அழகிய கத்தி ஒன்றைக் கையிலெடுக்கும்போது, அந்தப் பளபளப்புக்கு ஒருவர் தம் மூச்சை விலையாகக் கொடுத்திருக்கலாம் என்பதையும் நாம் நினைத்தல் தகும்.

அந்நூற்றாண்டிலே பெரும் நிறுவனங்களும் எழுந்தன. அவற்றுள் ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனத்தின் கத்திகள் கீழைத்தேயங்கள் எங்கும் பரவின. 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மகா பொருட்காட்சிக்காக அந்நிறுவனத்தார் 75 அலகுகள் கொண்ட பெருங்கத்தி ஒன்றைச் செய்வித்தனர். அது பார்வைக்கு வியப்பே. ஆயினும், மடியிலே வைக்கவோ மாங்காய் வெட்டவோ அது பயன்படாது. சேர்ப்போருள் தெளிந்தவர்கள் அத்தகைய வியப்புக்களைக் கண்டு மகிழ்வர்; தம் கைக்குத் தேடுவது, ஒரேயோர் அலகுடையதாயினும் பிழையின்றி இணக்கிய சிறு கத்தியையே.

நம் காலத்துக்கு அண்மையில் அத்தகைய கத்திகளைச் செய்தவருள் பெயர் பெற்றவர் ஸ்டான் ஷோ. 1926 இல் பிறந்த இவர், பதினான்கு வயதிலே ஷெபீல்ட் கத்திச்சாலை ஒன்றிலே வேலை கேட்டுச் சென்றார். வேலைகள் பல கைகளிலே பங்கிடப்பட்டிருந்த அக்காலத்தில், அவர் எல்லாப் பகுதிகளையும் தாமே பழகிக்கொண்டார். 1980 களிலே தனியாகப் பட்டறை அமைத்து, வரைவு முதல் மினுக்கல் வரை ஒரு கையாலே செய்தார். மார்பிலே தகடொன்றைக் கட்டி, துளைகருவியின் அடியை அதிலே ஊன்றி, நாண் பூட்டிய வில்லால் அதைச் சுழற்றிப் பிடியிலே சித்திரம் பதிக்கும் பழைய முறையை அவர் கைவிடவில்லை. வில்லின் முதுகிலே அரத்தினால் மட்டும் கொடியும் பூவும் செதுக்கினார். அவருடைய கத்திக்காக மக்கள் ஆண்டுக் கணக்கிலே காத்திருந்தனர். பிற்காலத்தில் நகரின் கெல்ஹாம் தீவு நூதனசாலையிலே, காண்போர் முன்னிலையில் அவர் வேலை செய்தார். 2017 இலே பிரித்தானிய அரசு அவருக்குப் பதக்கம் அளித்தது. 2021 ஆம் ஆண்டு, தமது தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் காலமானார்.

நேயர்களே, இங்கேதான் நாம் சற்று நிற்றல் வேண்டும். அவர் கத்திகள் ஏன் அரியனவாயின? எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றலாம் என்று அவர் கணக்கிட்டதனாலன்று. ஒரு மனிதனுக்கு இரண்டு கைகளும், ஒரு நாளுக்கு இத்தனை மணி நேரமுந்தான் உண்டு என்பதனாலேயே. ஆனால், சந்தையிலே வேறொரு வகை அருமையும் விற்பனையாகின்றது. இயந்திரத்திலே ஆயிரக்கணக்கிலே வெட்டத்தக்க கத்தியை நூறோடு நிறுத்தி, 'நூறிலே முப்பத்தேழு' என்று அலகிலே இலக்கம் பொறித்துவிடுகின்றனர். முன்னையது உழைப்பின் எல்லை; பின்னையது வணிகனின் வேலி. இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்கலாம், மதிப்பு ஒன்றாகாது. சேர்க்கத் தொடங்குபவர் முதலிலே அறிய வேண்டிய வேறுபாடு இதுவே என்பேன்.

அடுத்து, பழைய கத்திகளை வாங்குவோர் குறிகளைப் படிக்கப் பழகுதல் வேண்டும். ரொஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்த குறி 1682 ஆம் ஆண்டிலேயே பதிவானது. அலகிலே முடியோடு 'வீ. ஆர்.' என்ற எழுத்துக்கள் இருப்பின், அது 1901 இலே மறைந்த விக்டோரியா மகாராணியின் காலத்தைச் சுட்டும், 'ஜீ. ஆர்.' எனின் பெரும்பாலும் 1910 க்குப் பிற்பட்டது. அமெரிக்காவுக்குப் போன கத்திகளில் 'இங்கிலாந்து' என்ற சொல் 1891 முதல் காணப்படும். பொருள் பிறந்த நாட்டைப் பொறித்தல் வேண்டும் என அந்நாட்டு வரிச் சட்டம் விதித்ததே காரணம். புகழ் இருக்குமிடத்திலே போலியும் வந்து சேரும். ஷெபீல்டின் பெயரைப் பிறநாட்டுக் கத்திகளிலே பொறித்து விற்றதனால் எழுந்த முறைப்பாடுகளே, 1887 இல் பிரித்தானியாவிலே வணிகக் குறிச் சட்டம் பிறப்பதற்குக் காரணங்களுள் ஒன்றாயின.

பிடியின் பொருளையும் கவனித்தல் வேண்டும். இந்தியாவிலிருந்து சென்ற மரைக் கொம்பு ஷெபீல்ட் தொழிலாளர் பெரிதும் விரும்பிய பொருள். மரை ஆண்டுதோறும் தன் கொம்பைத் தானே உதிர்க்கும். ஆயினும், உதிர்ந்த கொம்பு என்ற பெயரிலே வேட்டையாடிய கொம்பும் கலந்தமையால், 1990 களின் பிற்பகுதியிலே இந்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரம் 1989 ஆம் ஆண்டுத் தீர்மானத்தினால் தடைப்பட்டது. 2018 இலே நிறைவேறி 2022 இலே நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பிரித்தானியாவுக்குள்ளேயும் மிகச் சில விலக்குகள் தவிரப் பழைய தந்தப் பிடிக் கத்தியைக்கூட விற்றல் ஆகாது. இது சேர்ப்போருக்கு நட்டமே. எனினும், ஓர் உயிரினத்தின் வாழ்வுக்கு முன்னே நம் பேழையின் அழகு சிறிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, காத்தல் பற்றிக் கூறுவேன். இதிலே நான் புத்தகத்திலிருந்து பேசவில்லை. என் பிழையிலிருந்து பேசுகின்றேன்.

என் தந்தையாரிடம் 'ஜீ. ஆர்.' முத்திரையுள்ள ஷெபீல்ட் கத்தி ஒன்று இருந்தது. நாள்தோறும் அது அவர் கையிலே உழைத்தது. நாள்தோறும் மாலையில் வேட்டித் தலைப்பினால் துடைத்து மடிப்பார். அவர் மறைந்தபின் அக்கத்தி என்னிடம் வந்தது. பெரும் பொக்கிஷம் என்று கருதி, தோலுறையொன்றிலே இட்டு, அலுமாரியின் அடித்தட்டிலே பத்திரப்படுத்தினேன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்தபோது, பித்தளையிலே பச்சைக் களிம்பும் அலகிலே செந்துருவுமாக இருந்தது. ஈரத்தை இழுத்துப் பற்றிக்கொள்ளும் தோலுறை, பதனிட்ட உப்பும் அமிலமும் சேர, உலோகத்தை அரித்துவிடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அதனோடு நின்றேனா? பதறிப்போய் அரத்தாள் கொண்டு தேய்த்தேன். துரு போயிற்று, துருவோடு குறியின் பாதியும் போயிற்று. என் தந்தையார் ஐம்பது ஆண்டு உழைத்தும் தேய்க்காத எழுத்துக்களை நான் அரைமணி நேரத்திலே அழித்துவிட்டேன்.

ஆகவே சொல்கின்றேன். கத்தியைத் தோலுறையிலே நெடுங்காலம் வைக்கலாகாது. ஈரமற்ற துணியிலே சுற்றி, உலர்ந்த இடத்திலே வைத்து, ஆண்டிலே சில முறையாவது எடுத்து விரித்துப் பார்த்தல் வேண்டும். மூட்டிலே ஒரு துளி கனிய எண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவிலே பிசினாகிவிடும். செலுலொயிட் பிடியுள்ள பழைய கத்திகளைப் பிறவற்றோடு சேர்த்து அடைக்கலாகாது; அப்பொருள் சிதையும்போது வெளிப்படும் ஆவி அயலிலுள்ள உருக்கையும் துருப்பிடிக்கச் செய்யும். நாட்பட்ட உழைப்பினாலே அலகிலே படிந்த கருநீலச் சாயல் அழுக்கன்று. அது கத்தியின் வரலாறு. அதனை மினுக்கி அகற்றுவது, பழைய ஏட்டைக் கழுவி வெளுப்பாக்குவது போன்றதாகும்.

இவை பொருளைக் காக்கும் வழிகள். தொழிலைக் காக்கும் வழி வேறு. அழியும் ஆபத்திலுள்ள கைத்தொழில்களின் பட்டியலொன்று 2017 முதல் பிரித்தானியாவிலே வெளியிடப்பட்டு வருகின்றது. மடக்குக் கத்தி செய்தலும் அதிலே இடம்பெற்றுள்ளது. அரங்களும் உண்டு, உருக்கும் உண்டு, வாங்குவோரும் உண்டு. ஆனால், நிறத்தைப் பார்த்து நெருப்பை நிறுத்தும் கண் பேழையிலே இல்லை. ஒரு தொழிலாளி மறைந்தபின் அவர் கத்தியின் விலை பன்மடங்கு உயரலாம். அந்த உயர்வில் ஒரு சதமேனும் இன்னொரு மாணவனுக்குத் தொழில் கற்பிக்கப் போவதில்லை. மாண்டவரின் கத்திக்குப் பெரும் பொருள் கொடுப்பதிலும், இன்று பட்டறையிலே இருக்கும் ஓர் இளைஞரிடம் எளிய கத்தியொன்றைச் செய்யச் சொல்லி, காத்திருந்து, உரிய விலை கொடுத்து வாங்குவது மேலானது என்பது என் துணிபு. வாங்கிய கத்தியோடு செய்தவரின் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளிலே குறித்து வைத்தல் வேண்டும். குறி அழியலாம் என்பதை நான் பட்டறிந்தவன்.

இன்னுமொன்று. கத்தி வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. வெட்டாத கத்தியை அதனைச் செய்தவர் முழுமையாகச் செய்துமுடித்ததாகக் கருதமாட்டார். அந்தந்த நாட்டின் சட்டத்தை அறிந்து, அதற்கு அமைய வைத்திருத்தல் நம் பொறுப்பு. இங்கிலாந்திலே 1988 ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத கூருடைய, பூட்டில்லாத மடக்குக் கத்தியை ஒருவர் தம்மோடு கொண்டு செல்ல இடமளிக்கின்றது. அந்த அளவுக்குள்ளே ஒரு நாளின் தேவைகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

என் தந்தையாரின் கத்தி இப்போது அலுமாரியில் இல்லை. வீட்டிலே நாள்தோறும் என் கைக்கெட்டும் இடத்திலே இருக்கின்றது. அலகிலே துருவின் வடுக்கள் உள்ளன. குறியின் பாதி இல்லை. ஆனால் வில்லுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஷெபீல்டிலே பெயர் தெரியாத ஒருவர், நீல நிறம் கண்ட கணத்திலே நெருப்பினின்றும் எடுத்த வில் அது. இன்று காலையிலும் ஒரு மாங்காயை வெட்டி, துணியாலே துடைத்து மடித்தேன். 'டக்' என்று தெளிவாகப் பேசிற்று.